மீன் செத்தால் பிசிஆர் மட்டும் போதுமா?

பண்ணையில் மீன்கள் கொத்தாகச் சாகத் தொடங்கினால் எல்லோரும் முதலில் கேட்பது பிசிஆர் முடிவைத்தான். வேகமான சோதனை, குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் எந்த வைரஸைத் தேடச் சொன்னோமோ அதன் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா, கிருமிநாசினி வேலை செய்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. அதற்கு வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டும்; வைரஸ் வளர உயிருள்ள செல் வேண்டும். திலேப்பியா மீனைக் கொல்லும் புது வைரஸ் ஒன்றை இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2014-ல் அறிவித்தார்களே, அதைப் பிரித்தெடுத்ததும் மீன் செல்களில் வளர்த்துத்தான்.

மீன் செல் வளர்ப்பு 1962-லேயே வானவில் ட்ரவுட் மீனின் இனப்பெருக்க உறுப்பிலிருந்து கிடைத்த ஆர்டிஜி-2 என்ற செல் லைனோடு (குடுவையில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வரிசை) நிலைபெற்றுவிட்டது. துடுப்பு, இதயம், மூளை என ஏதாவது திசுவைப் பொடியாக நறுக்கிக் குடுவையில் ஒட்டவைத்தால் செல்கள் வெளியே ஊர்ந்து பரவும். கேட்க எளிது. மீன் தண்ணீரில் வாழ்வதால் திசுவோடு பாக்டீரியாவும் பூஞ்சையும் கூடவே வந்துவிடும். அதையும் தாண்டிப் பிழைக்கும் செல்களில் பல, சில தடவை பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றியதுமே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு, இருக்கும் செல் லைனையே பயன்படுத்தலாமே என்பார்கள். பல வைரஸ்கள் வேறு இன மீனின் செல்லில் சரியாக வளராது. இன்னொரு சிக்கலும் உண்டு: கெண்டையுடையது என்று நம்பி உலகமே பயன்படுத்திய ஈபிசி செல் லைன், உண்மையில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறொரு மீனுடையது என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. விராலிலிருந்து வந்த ஈ-11 செல்களுக்குள் ஏற்கெனவே ரெட்ரோவைரஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் குடியிருக்கிறது. ஆக, செல்லையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

சரி, பண்ணையாளர்களுக்கு வருவோம். செத்து நாறிய மீனை ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். தள்ளாடும், இன்னும் உயிரோடிருக்கும் மீன்தான் வேண்டும். ஃபார்மலினில் போட்டால் வைரஸும் செத்துவிடும். உறைய வைப்பதைவிடப் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் அனுப்புவது நல்லது. மீனின் திசுச் சாற்றைச் செல்கள் மேல் விட்டுப் பார்ப்போம்; வைரஸ் தாக்கினால் செல்கள் உருண்டு உதிரும். முதல் குடுவையில் அப்படி உதிரவில்லை என்றால் புதுச் செல்களுக்கு மாற்றி மறுபடி பார்ப்போம். முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அப்புறம், மீனோடு அனுப்பும் சீட்டில் குளத்து நீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ட்ரவுட் செல் 20 டிகிரிக்குக் கீழும் வளரும், திலேப்பியா செல்லுக்கு 25-க்கு மேல் வேண்டும். வைரஸும் தனக்கு ஒத்துவரும் சூட்டில்தான் பெருகும். நீங்கள் எழுதிய வெப்பநிலையைப் பார்த்துத்தான் செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் சூட்டை வைப்போம்.