குரோமையும் நிக்கலையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்

சின்னப் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறைகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு சொதப்புவது பெரும்பாலும் குழாய் போட்ட விதத்தில்தான். குரோம், நிக்கல், சயனைடு கழுவுநீர் எல்லாவற்றையும் ஒரே தொட்டிக்கு இழுத்துவிட்டு, சுண்ணாம்பு கொட்டியும் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கிறதே என்பார்கள். இருக்கத்தான் செய்யும். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஆறு இணைதிறன் குரோமியம், சுண்ணாம்பு போட்டாலும் அடியில் படியாது.

அதைப் படியக்கூடிய மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்ற, முதலில் சல்ஃப்யூரிக் அமிலம் விட்டு பி.எச். 2.5க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்க்க வேண்டும். ஒரு கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.75 கிராம், நடைமுறையில் 3 முதல் 4 கிராம் வரை பிடிக்கும். அரை மணி நேரம் கலக்குங்கள். பி.எச். 4ஐத் தாண்டினால் வினை ஊர்ந்துதான் நகரும். அது தெரியாமல் மருந்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதுதான் வழக்கம். மஞ்சள் போய்ப் பச்சை வந்ததும் முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். டைஃபீனைல் கார்பசைடு சொட்டு விட்டால் ஊதா வரக் கூடாது. வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அது கண்ணுக்குத் தெரிகிற அளவல்ல.

பிறகு காஸ்டிக் சோடா விட்டு பி.எச்.ஐ 8.5க்கு ஏற்றினால் குரோம் படியும். நிக்கல் நன்றாகப் படிய 10க்கு மேல் போக வேண்டும். அங்கே போனால் படிந்த குரோம் திரும்பக் கரையத் தொடங்கும். தனித்தனித் தொட்டி கேட்பது இதற்காகத்தான். ஏற்கெனவே கலந்துவிட்டதென்றால் 8.5இல் படியவிட்டு வடிகட்டிய பிறகே மேலே ஏற்றுங்கள். மின்சாரம் இல்லாமல் முலாம் பூசும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் குளியலின் கழிவு இந்த வழிக்கே வராது. அதிலுள்ள சிக்கல்சேர்மங்கள் உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். சல்ஃபைடு வகை மருந்தோடு தனி பேட்சாக எடுக்க வேண்டும்.

சயனைடு நீர் அமிலத் தொட்டிப் பக்கமே போகக் கூடாது; வருவது ஆளைக் கொல்லும் வாயு. சயனைடை உடைக்கப் போட்ட ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) மிஞ்சி குரோம் தொட்டிக்குள் வந்தால், மாற்றிய குரோமியம் மறுபடி ஆறு இணைதிறனுக்கே திரும்பிவிடும்.

உலோகம் போனாலும் சோடியம் சல்ஃபேட் தண்ணீரிலேயே நிற்கும். சுத்திகரித்த அந்த நீரைத் திரும்ப எடுத்து, முலாம் பூசிய பொருளின் கடைசிக் கழுவலுக்கு விட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். டிகிரீசிங் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கல்) முடிந்த முதல் கழுவலுக்குத் தாராளமாக விடலாம்; கடைசிக் கழுவலுக்கு உப்பை நீக்கும் ஆர்.ஓ. தேவை.

ஆர்.ஓ. வாங்கும் முன் கழுவும் முறையைப் பாருங்கள். பொருளோடு ஒட்டிவரும் ஒரு லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒன்றாக நீர்க்க, ஒற்றைத் தொட்டிக்கு ஆயிரம் லிட்டர் வேண்டும். பொருள் போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் ஓடும் இரண்டு தொட்டிகளுக்குச் சுமார் 32 லிட்டர் போதும்.

படிந்த கசடைப் பிழிந்தெடுத்த ஃபில்டர் பிரஸ் கேக்கைக் கூரைக்கு அடியில் வையுங்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.