எடை சரி என்றால் இரும்புச்சத்தும் சரி என்று பொருளில்லை: கிளினிக் உணவுக்கூடையைப் பெறுவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் ஒரு தாயாருக்குத் துணையாக அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்றிருந்தேன். அவருடைய இரண்டரை வயது மகள் காத்திருக்கும் இடத்திலேயே சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி (தாதி) குழந்தையை எடை போட்டார். வளர்ச்சி வரைபடத்தின் கீழ்க்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே புள்ளி வைத்தார். “ஓகே” என்று கிளினிக் புத்தகத்தை மூடிவிட்டார். சுண்ணாம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மண், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி போன்றவற்றைக் குழந்தை விடாமல் தேடித் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும்.

சத்துக்குறைவான குழந்தைகளுக்கான மீட்புத் திட்டத்தை மலேசியச் சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்திவருகிறது. நம் மக்கள் அதைப் ‘பாக்குல் மக்கானான்’ (மலாயில் உணவுக்கூடை) என்றே அறிவார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஏழைக் குடும்பத்துக் குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருந்தால், மாதந்தோறும் அரிசி, பால்மாவு முதலிய பொருள்கள் கிளினிக் வழியாகக் கிடைக்கும். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் கண்ணி, வரைபடத்தில் மிஸ்ஸி வைத்த அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. கூடைக்கான வாசல் எடையும் உயரமும். இரும்புச்சத்தோ துத்தநாகமோ தராசில் தெரிவதில்லை. இனிப்பான கெட்டிப்பாலைக் கரைத்துப் புட்டியில் குடித்து வளரும் குழந்தை கொழுகொழுவென்று இருந்துகொண்டே இரத்தசோகையுடனும் இருக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் பிறவி இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறு மாதத்தில் ஏறத்தாழத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு வயது வரை நாளொன்றுக்குச் சுமார் 9 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும். ஆகவே எடை சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும், “எச்பி டெஸ்ட் எடுக்க வேண்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கும் சோதனை. குழந்தை என்னென்ன தின்கிறது, முகம் எவ்வளவு நாளாக வெளிறியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இரண்டு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அந்த எண் 11க்குக் கீழே (டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கில்) இருந்தால் அது இரத்தசோகை. எண்ணைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாத எண் அடுத்த முறை வேறொரு மிஸ்ஸி இருக்கும்போது இல்லாத எண்ணாகிவிடும்.

உயரத்தை அளக்காமல் எடையை மட்டும் குறித்து அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். யுனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். உங்கள் குழந்தையின் உயரம் அளக்கப்படவில்லை என்றால் அளக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்தது வருமானம், பெரும்பாலோர் நொந்து திரும்புவது இங்கேதான். 2022ஆம் ஆண்டுக்கான தேசிய வறுமைக்கோட்டு வருமானம் குடும்பமொன்றுக்கு மாதம் 2,589 ரிங்கிட் எனக் கணக்கிடப்பட்டது. அது சராசரிக் கணக்கு. குடும்பத்தின் அளவையும் வசிக்கும் இடத்தையும் பொறுத்து உண்மையான கோடு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, நமக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். அந்தத் தாயாரின் கணவர் லோரி உதவியாள், நாள் கூலிக்காரர். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் சம்பளச் சீட்டு கேட்டார்கள். வருமான உறுதிக் கடிதம் வாங்கப் போன இடத்தில் கிளினிக் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள். கிளினிக்கில் கடிதம் வந்த பிறகுதான் பாரம் என்றார்கள். மூன்று நாள் கூலி இதில் போயிற்று. எனவே முதல் நாளே என்னென்ன தாள்கள் வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதித் தரும்படி கேட்டால் பதில்கள் விரைவில் திருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

அடையாள அட்டையில் முகவரி இன்னும் பேராக் தோட்டத்திலேயே இருந்தால், “அங்கே போய்க் கேளுங்கள்” என்பது எளிதான பதிலாகிவிடும். முகவரியை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். அதுவரை மின்கட்டண ரசீதையோ வாடகை ஒப்பந்தத்தையோ கையில் வைத்திருங்கள். அரசாங்கத்தின் இ-காசே (eKasih) ஏழைகள் பதிவில் குடும்பத் தலைவரின் பெயர் இருந்தால் வாதம் குறையும். ஆனால் விண்ணப்பித்தது வேறு, விசாரணை முடிந்து பட்டியலில் ஏறியது வேறு. விண்ணப்ப எண்ணை நம்பி இருந்துவிடாமல் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை தெளிவில்லாதிருந்தால் வேறு எதற்கும் முன்பு அதைச் சரிசெய்ய வேண்டும். பெற்றோரின் திருமணம் பதியப்படாத நம் குடும்பங்களில் இது அரிதன்று.

கூடை கிடைத்த பிறகும் மாதந்தோறும் எடை பார்க்க வரச் சொல்வார்கள். ஒரு மாதம் தவறினால் மறுமாதம் விளக்கம் கேட்பார்கள், ஆகவே முடிந்தவரை தவறாதீர்கள். பால்மாவு வருகிறதே என்று ஒரு வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதும் பாலே கொடுத்தால், அரை லிட்டரைத் தாண்டும்போது மற்ற உணவின் இடத்தைப் பால் பிடித்துக்கொண்டு இரும்புச்சத்து இன்னும் குறையும். சோற்றோடு டீ கொடுப்பதும் அதே கெடுதலைச் செய்யும். ஈரல், மீன், பருப்பு, கூடவே கொய்யாத்துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பதே மேல். இரும்பு சிரப்பைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இந்நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோய் பரவலாக இருப்பதால், இரத்தசோகைக்குக் காரணம் எது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளினிக் கொடுத்த சிரப்பால் மலம் கறுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அந்தச் சிரப்பைப் பாலோடு கலந்து கொடுக்காதீர்கள்.

ஆறு வயதில் கூடை நின்றுவிடும். ஆரம்பப்பள்ளியில் 1979 முதல் நடந்துவரும் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் கிளினிக்கில் இருக்கும் பதிவு பள்ளிக்குத் தானாக வந்து சேரும் என்று எண்ணியிருந்துவிட வேண்டாம். முதலாம் ஆண்டில் சேர்க்கும்போதே வருமானக் கடிதத்தின் நகலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, பெயர் பட்டியலில் ஏறியதா என்று இரண்டு வாரத்தில் மீண்டும் போய்க் கேளுங்கள்.