"டேட் இன்னும் இருக்குதுங்களே டாக்டர்?"

நாமக்கல் பக்கம் கண் வைத்தியம் பார்க்கிறவன் நான். லாரி பாடி கட்டும் பட்டறையில் கண்ணாடி போடாமல் வெல்டிங் அடித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லாமல் ஓடி வருகிறவர்கள், போர் போடும் ரிக் வண்டியில் போய்க் கண்ணில் கல்தூள் விழுந்து வருகிறவர்கள், சர்க்கரைக்காரர்கள், கண் அழுத்தக்காரர்கள் என்று தினமும் வரிசை இருக்கும். இவர்களிடம் எனக்குக் கோபம் வராது, பொழப்பு அப்படி. கோபம் வருவது ஒரு பொருளைப் பார்த்தால்தான். இந்த வாரம் அது மறுபடியும் என் மேஜைக்கு வந்துவிட்டது.

பெரியம்மா ஒருவர் சுருக்குப் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஐந்து மில்லி கண் சொட்டு பாட்டில். விரல் பட்டுப் பட்டு லேபிளில் பாதி எழுத்தைக் காணோம். சாமி மாடத்தில் இருந்தது போல, மூடிக்குள் திருநீறு. சொட்டு விழும் முனையில் மஞ்சளாகப் பொருக்கு கட்டி, அதில் ஒரு இமை முடியும் ஒட்டியிருந்தது. மகனுக்குக் கண்வலி வந்தபோது வாங்கியதாம், அப்புறம் மருமகளுக்கு, அப்புறம் பேரனுக்கு, கடைசியாக இவருக்கு. அவருடைய கருவிழியில் வெள்ளையாக ஒரு புண். "எப்பம்மா வாங்குனது?" என்றேன். "தை நோம்பிக்கு முன்னாலங்க" என்றார். இத்தனை மாசம் வைத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, "டேட் இன்னும் இருக்குதுங்களே டாக்டர்?" என்று பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். கூட வந்த மகன், நன்றாகப் படித்த பையன், பக்கவாட்டில் இருந்து சொல்கிறார்: "பிரிசர்வேட்டிவ் போட்டிருக்காங்க சார், கெட்டுப்போகாது."

அந்தப் புண் பாட்டிலால் வந்ததா, களை வெட்டும்போது தழை கிழித்து வந்ததா என்று சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும். அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாட்டிலை ஒரு நல்ல கண்ணில்கூட விடக்கூடாது. பிரிசர்வேட்டிவ் என்றால் மருந்துக்குள் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கிற பொருள். மகன் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த டேட். பாட்டிலில் அச்சடித்திருக்கும் காலாவதி தேதி யாருக்கு? சீல் உடைக்காத பாட்டிலுக்கு. மருந்துக் கம்பெனி கிருமி நீக்கி, அடைத்து, சீல் வைத்து அனுப்பியதை, சொன்ன குளிர்ச்சியில் வைத்திருந்தால், திறக்காதவரை இத்தனாம் தேதி வரைக்கும் நல்லது என்கிறார்கள். மூடியைத் திருகிச் சீல் உடைந்த நிமிஷத்தோடு அந்தத் தேதிக்கும் உங்கள் பாட்டிலுக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்கப்புறம் ஒரு மாசக் கணக்கு. நான் சொல்வதில்லை இது, சட்டம் சொல்கிறது. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் எஃப்எஃப் அட்டவணை என்று கண் மருந்துகளுக்கென்றே ஒன்று உண்டு. திறந்த பின் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று லேபிளில் அச்சடிக்க வேண்டும், சொட்டும் முனை எதன்மேலும் படக்கூடாது என்று எச்சரிக்க வேண்டும், பிரிசர்வேட்டிவின் பெயரும் அளவும் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் உங்கள் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் எறும்பு படிக்கிற அளவில் அச்சடித்தால் அறுபது வயதுக்காரர் எங்கே படிப்பார் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் பக்கத்தில் படிக்கத் தெரிந்த மகன் இருந்தாரே.

"2027 வரைக்கும் இருக்குது" என்று தேதியைக் காட்டுகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். 2027 வரை டேட் உள்ள பால் பாக்கெட்டைப் போன தை மாசம் வெட்டித் திறந்து, நாலு பேர் மாறி மாறி வாய் வைத்துக் குடித்து, மிச்சத்தைச் சாமி மாடத்தில் வைத்திருந்தால் இன்றைக்குக் காபி போடுவீர்களா?

சரி, அந்த பிரிசர்வேட்டிவ் என்னதான் செய்கிறது? பெரும்பாலான கண் சொட்டுகளில் இருப்பது பென்சால்கோனியம் குளோரைடு. 1935-இல் ஜெர்மனியில் கெர்ஹார்டு டோமாக் என்பவர் இதன் கிருமிக்கொல்லித் தன்மையை வெளியிட்டார், பிறகு சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற அதே டோமாக். சோப்பு இனத்தைச் சேர்ந்த பொருள்தான், ஆனால் நேர் மின்னூட்டம் கொண்டது. கிருமியின் மேல்தோலில் ஒட்டி, அதைக் குலைத்து, உள்ளே இருப்பதைக் கசியவிட்டுக் கொல்லும். நம் விதிகள் கண் சொட்டுக்குச் சொல்லும் அளவு 0.01 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சில லேபிளில் 'பென்சால்கோனியம் குளோரைடு சொல்யூஷன் 0.02 சதவீதம்' என்று பார்த்துவிட்டு இரண்டு மடங்கு போட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அந்த சொல்யூஷனே பாதிக்குப் பாதி நீர்தான், கணக்கு அதே 0.01-க்குத்தான் வரும்.

இந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எதற்குப் போதும் என்றால், ஒருவர், ஒரு மாசம், முனையைக் கண்ணில் படவிடாமல் பயன்படுத்தும்போது தவறிப் போய் உள்ளே நுழைகிற சொற்பக் கிருமிக்கு. ஒரு குடும்பத்தின் கண் பீளைக்கு அல்ல. போதாக்குறைக்கு, சூடோமோனாஸ் மாதிரி சில கிருமிகள் இதற்கு அவ்வளவு லேசில் சாவதில்லை, கூட ஈடிடிஏ என்று இன்னொன்றைச் சேர்த்தால்தான் கொஞ்சம் அடங்கும். கருவிழியை ஓரிரு நாளில் கரைக்கக்கூடிய கிருமியும் அதுதான்.

அப்படியென்றால் பிரிசர்வேட்டிவே வேண்டாம் என்று அடுத்த கோஷ்டி கிளம்பும். 2023-இல் அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செயற்கைக் கண்ணீர் சொட்டு தொடர்பான சூடோமோனாஸ் தொற்று, 18 மாநிலங்களில் 81 பேருக்கு. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுத்தார்கள், 4 பேர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் சென்னைக்குப் பக்கத்தில். பல நாள் திறந்து மூடும் பாட்டிலில் போதுமான பிரிசர்வேட்டிவ் இல்லாமல் அடைத்தது அமெரிக்க மருந்து நிர்வாகம் சுட்டிய குறைகளில் ஒன்று. திறந்து மூடும் சாதாரண பாட்டில் என்றால் உள்ளே காவல் வேண்டும். காவல் இல்லாத மருந்து வேண்டுமென்றால் ஒரு தடவைக்கான குட்டி வயலாகவோ, கிருமியைத் திரும்ப உள்ளே விடாத விசேஷ பாட்டிலாகவோ இருக்க வேண்டும். அந்தக் குட்டி வயலையும் உடைத்துப் பாதி விட்டுவிட்டு, மிச்சத்தை நாளைக்கு ஆகட்டும் என்று மடக்கி வைக்கிறார்கள் பாருங்கள், அங்கே என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

இனி மறுபக்கம். கிருமியின் தோலைக் குலைக்கிற பொருளுக்கு உங்கள் கருவிழித் தோல் வேறு என்று தெரியாது. கண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கும், கண்ணீரைக் கண்ணில் ஒட்டவைக்கும் சளியைச் சுரக்கிற செல்களைக் குறைக்கும், கருவிழியின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஒரு வாரம், பத்து நாள் போடுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. கம்ப்யூட்டர் பார்த்துக் கண் காய்கிறது என்று மெடிக்கலில் தானே கேட்டு வாங்கி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை விடுகிறவருக்குத் தெரியும். எரியுது என்று விடுவார், விட்டதால் எரியும், எரிவதால் இன்னும் விடுவார். "எரிஞ்சாத்தான் டாக்டர் மருந்து வேலை செய்யுது" என்ற தத்துவத்தை யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை, கண்டால் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் சொட்டு தேவைப்படுகிறது என்றால் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகைக்கு மாற வேண்டும். விலை கூடத்தான். அதனால் தேவையா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு மாறுங்கள்.

கண் அழுத்த நோய்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வருஷக்கணக்காக, சிலர் இரண்டு மூன்று பாட்டில், தினமும் போடுகிறீர்கள், அதனால் பிரிசர்வேட்டிவின் இந்தப் பாதிப்பு உங்களுக்குத்தான் அதிகம். ஆனால் இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து நீங்களாகச் சொட்டை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தத்தில் போன பார்வையை யாராலும் திருப்பித் தர முடியாது, கண் எரிச்சலை நாங்கள் சரி செய்துவிடலாம். எரிச்சல், சிவப்பு, மணல் கொட்டின மாதிரி உறுத்தல் என்றால் சொல்லுங்கள். வேறு பிரிசர்வேட்டிவ் உள்ளது, அதுவே இல்லாதது, இரண்டு மருந்து ஒரே பாட்டிலில் சேர்ந்தது என்று வழி இருக்கிறது.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். திறந்த அன்றைக்கே பாட்டில்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள், ஒரு மாசம் ஆனால் பாதி மீதி இருந்தாலும் வாஷ் பேசின் அல்ல, குப்பை. ஒரு பாட்டில் ஒருவருக்கு, புருஷன் பொண்டாட்டி என்றாலும் தனித்தனி. கையைக் கழுவிவிட்டுக் கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அந்த ஒன்றுக்கே இடம் போதாது, இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி விடுங்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் இந்த ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கருவிழிமேல் கசியவிடும், ஆகவே லென்ஸைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், 15 நிமிஷம் கழித்து மாட்டுங்கள். லாரி டிரைவர் அண்ணன்களுக்கு: சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மருந்து வைக்கிற இடம் இல்லை. இன்னொன்று, பழைய பாட்டிலில் இருப்பது ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பேரனுக்குக் குணம் தந்த அதே மருந்து பாட்டியின் புண்ணைப் பெரிசாக்கும். இதைப் பற்றித் தனியாகவே திட்டி எழுத வேண்டும்.

கடைசியாகக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு. நீங்கள் ஷெட் கழுவவும், வாசலில் கால் நனைக்கும் தொட்டியில் ஊற்றவும் 'பிகேசி' என்று கேனில் வாங்குகிறீர்களே, அது இதே பென்சால்கோனியம் குளோரைடுதான். சொட்டில் 0.01 சதவீதம், கேனில் 50, சிலதில் 80. ஐம்பது என்றாலே சொட்டைப் போல ஐயாயிரம் மடங்கு. நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ, வழவழவென்று, ஆட்டினால் நுரைத்துக்கொண்டு, ஆசிட் மாதிரி நெடியும் புகையும் இல்லாமல் சாதுவாக இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. அதில்தான் ஆபத்து. தெறித்து ஒரு துளி விழுந்தாலே கருவிழித் தோல் உரியும், தழும்பாகவும் நிற்கலாம். கலக்கும்போது ரப்பர் கையுறையும் பக்கமெல்லாம் மூடிய கண்ணாடியும் போடுங்கள், தண்ணீரில் மருந்தை ஊற்றுங்கள், குனிந்து பார்க்காதீர்கள். சோப்புத்தூளோடு சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கிருமி சாகாது, காசுதான் வீண். எச்சம் அப்படியே கிடக்கிற தரையிலும், நம்மூர் போர் உப்புத் தண்ணீரிலும் வேகம் குறையும். அதற்காக அளவைக் கூட்டாமல் முதலில் கூட்டிப் பெருக்கிக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடும் வேறு எதோடும் கலக்க வேண்டாம். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, குழந்தைகள் சுற்றுகிற பண்ணையில் நான் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கொடுமை.

கண்ணில் பட்டுவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள், முதலில் குழாய்க்கு ஓடுங்கள். இமையைப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 நிமிஷம் நிற்காமல் ஊற்றுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு எதுவும் வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மேலே வரும்போது தொண்டையை இன்னொரு தடவை புண்ணாக்கும், உடனே 108. வரும்போது கேனையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், எத்தனை சதவீதம் என்று லேபிளைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் அந்தப் பாட்டிலும் வரட்டும், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.