நாள் தள்ளிப்போனதும் சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவரும் பெண்கள் பலர், கர்ப்பம் என்று தெரிந்ததும் முதலில் செய்வது மாத்திரையை நிறுத்துவதுதான். "புள்ளத்தாச்சி மாத்திர மருந்து திங்கக் கூடாது" என்று வீட்டில் அப்பத்தா சொல்லியிருப்பார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் "எதுக்கும் நிறுத்தி வைங்கம்மா" என்பார்கள். பிறகு, ஸ்கேன் எடுக்கும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் போய்விடும். எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு மாதம்தான்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிடுகிறது. பத்து வாரத்துக்குள் இதயத்தின் அமைப்பும் தயாராகிவிடும். இந்த நேரத்தில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடந்தால் பிறவிக் குறைகளுக்கும் கருச்சிதைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு மாத்திரை ஆகாது என்று பயப்படுகிற நாம், சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டி நேராகப் பிள்ளைக்குப் போகிறது என்பதை நினைப்பதில்லை.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்திருந்தார். வயது முப்பதுக்குள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வந்துகொண்டிருந்தது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே நிறுத்தியிருக்கிறார். என்னிடம் வந்தது ஒன்பதாவது வாரம், வெறும் வயிற்றுச் சர்க்கரை 190. "புள்ளைக்கு ஆகாதுன்னுதானே தாயி நிப்பாட்டச் சொன்னேன்" என்று மாமியார் கண்கலங்கிவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? அக்கறையில் சொன்னதுதானே. அன்றைக்கே இன்சுலின் தொடங்கினோம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குறையொன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டது மாத்திரை அட்டைகளை. மஞ்சப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் சுகருக்கான கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்திருந்தன. இன்னொன்று பிரஷருக்கான எனலாப்ரில். மூன்றாவது கொழுப்புக்கான அடார்வாஸ்டாடின். "எல்லாமே சுகர் மாத்திரைதான்" என்றுதான் அவர் நினைத்திருந்தார். இந்தக் குழப்பம் மிகவும் பொதுவானது. அட்டைக்கு அட்டை முடிவு வேறு.

மெட்பார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். ஆனாலும் அதனால் பிறவிக் குறை கூடுவதாக இதுவரை தெரியவில்லை. அதனால் சிலருக்குத் தொடர்கிறோம், சிலருக்கு இன்சுலினுக்கு மாற்றுகிறோம். கிளிமிபிரைடை இன்சுலினுக்கு மாற்றிவிடுவோம். டாபாகிளிப்ளோசின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற புது மாத்திரைகளும் கர்ப்பத்தில் வேண்டாம். எடை குறையவும் சேர்த்துப் போடுகிற செமாகுளுடைட் ஊசியைக் கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நீர்க்கட்டிக்காக மட்டும் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களின் கணக்கு வேறு, அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையில் கவனம் கூடுதலாக வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் இவை பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். அதற்காகப் பிரஷரைக் கவனிக்காமலும் விட முடியாது. லபெடலால், மெத்தில்டோபா, நிபெடிபின் என்று கர்ப்பத்துக்கு ஏற்ற மாத்திரைகள் இருக்கின்றன. அன்றோ மறுநாளோ மாற்றி வாங்கிவிடுங்கள். கொழுப்பு மாத்திரையை அன்றே நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தால் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ ஓரிரு நாளுக்குள் போய்விடுங்கள். அதுவரை சுகர் மாத்திரையை வழக்கம்போல் போடலாம். அந்த ஓரிரு நாள் மாத்திரை போடுவதால் வரக்கூடியதைவிட, வாரக்கணக்கில் சர்க்கரை ஏறிக்கிடப்பதால் வரும் கெடுதல் பெரிது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் நாள் தள்ளியதை மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்கிற வழக்கத்தை அக்கம்பக்கத்தாரோடு வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் வேண்டாம்.

இன்சுலின் என்றதும் முகம் வாடாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. "ஊசி போட்டா பழகிருமே, காலத்துக்கும் குத்திக்கிட்டே இருக்கணுமே" என்பார்கள். பழகாது. இன்சுலின் நம் உடலே சுரக்கிற பொருள். பிள்ளைக்கு ஏறக்குறைய போவதே இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு இன்சுலின் தேவை குறையும். அப்போது படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் தேவை ஏறிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். அளவு கூடினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் செய்கிற வேலை அது. வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் என்பதே இலக்கு. வளைகாப்பன்று கலவை சாதம் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போதும் என்று இப்போதே மாமியாரிடமும் மதினியிடமும் சொல்லிவையுங்கள்.

மதுரைச் சித்திரை வெயிலில் இன்சுலினை அலமாரியில் வைத்தால் கெட்டுவிடும். பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் அகலமான மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் சின்ன மண்கலயம் வைத்து, உள்ளே பாட்டிலைப் போட்டு மூடி நிழலில் வைக்கச் சொல்கிறேன். மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். பிரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டு. பிரீசர் கூடவே கூடாது.

இனிமேல்தான் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மூன்று மாதம் முன்பே வாருங்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 6.5க்குக் கீழே வந்துவிட்டால் நல்லது. 10க்கு மேல் என்றால் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு போலிக் ஆசிட் தினம் 5 மி.கி.; கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிப் பன்னிரண்டு வாரம் வரை. கண்ணையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தில் விழித்திரை பாதிப்பு வேகமாகக் கூடலாம், மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு நடை போய்வந்தால் தெரிந்துவிடும்.

பிரசவமான அன்றே இன்சுலின் தேவை சடாரென்று இறங்கிவிடும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். புது அளவைக் கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது மெட்பார்மினும் இன்சுலினும் போடலாம். வீட்டில் மிச்சமிருக்கும் மற்ற அட்டைகளை, எங்களிடம் காட்டாமல் திரும்பத் தொடங்க வேண்டாம்.