ஏறிய உயரம் எங்கே போகிறது?

மலைக்குப் போகத் திட்டமிடுபவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். மூச்சு வாங்குமா, வண்டி இழுக்குமா, உச்சியை எத்தனை மணிக்குத் தொடலாம் என்பதுதான் பேச்சாக இருக்கும். இறக்கம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. ஆனால் முழங்கால் வலியெடுப்பதும் பிரேக் கருகுவதும் இறங்கும்போதுதான். ஆஸ்திரிய ஆல்ப்ஸில் மலை நடையின்போது விழுந்து அடிபட்டவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் இறக்கத்தில்தான் விழுந்திருந்தார்கள்.

ஒன்றை உயரத்துக்குக் கொண்டுபோனால், அதற்கான ஆற்றல் நிலையாற்றலாக அதில் தங்கிவிடும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அளவு தெரியும். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏறினால், சேர்வது சுமார் 1.47 கோடி ஜூல். 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது தாராளமாகப் போதும். முதுகுப்பையோடு சேர்த்து 70 கிலோ இருப்பவர் அதே உயரம் நடந்து ஏறினால், சுமார் 6.9 லட்சம் ஜூல். அடிவாரத்துக்குத் திரும்பும்போது இதில் எதுவும் மிச்சமிருக்காது. அநேகமாக முழுவதும் வெப்பமாகியிருக்கும். அந்த வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வளவு நேரத்தில் பிறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இறக்கம் சுகமாகவோ ஆபத்தாகவோ அமைகிறது.

நடப்பவருக்கு அது தொடையில் பிறக்கிறது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி முழங்காலை நிமிர்த்தும், உடல் எழும்பும். இறங்கும்போது முழங்கால் மடங்கப் பார்க்கும். அதே தசை இறுக்கிப் பிடித்து அதைத் தடுக்கும். ஆனால் உடலின் எடை கை ஓங்கியிருப்பதால், தசை இறுகியபடியே நீள வேண்டியிருக்கிறது. காலடிக்கு 20 சென்டிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டாலும், 1,000 மீட்டருக்கு 5,000 காலடிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 137 ஜூலைக் கால் தாங்கி உறிஞ்ச வேண்டும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. இப்படி நீண்டபடி வேலை செய்யும்போது தசைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 1952-இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகளைக் காலால் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் கால்களிலும் ஒரே விசைதான். ஆனால் தடுப்பவர் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் பெரிய உருவமுள்ள ஆண் ஒருவரை எளிதாகக் களைக்க வைத்தார். இறங்கும்போது மூச்சு இரைக்காததற்கு இதுவே காரணம்.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. செலவு குறைவதற்குக் காரணம், குறைவான தசை இழைகளே வேலைக்கு இறங்குவது. ஆகவே ஒவ்வொரு இழையின் மீதும் விழும் சுமை அதிகம். இழையின் உள்ளே இருக்கும் நுண்ணிய அலகுகளில் வலுக்குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. மூச்சு சீராக இருப்பதால் நமக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. தொடை நடுங்கத் தொடங்கும்போதுதான் தெரிகிறது. மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் செய்யும் வலி இதன் விளைவு. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அது உச்சத்தைத் தொடும். தசை கிழிவதால்தான் இவ்வலி என்று தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். இருந்தும், கடும் உழைப்பின்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் மீது பழி போடும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்த அமிலம் நடை முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்யும். ஆகவே பெரிய நடைக்கு இரண்டு வாரம் முன்பு, மாடிப்படிகளிலோ சிறு குன்றிலோ இறங்கிப் பழகுவது நல்லது. ஏறிப் பழகினால் நெஞ்சுக்குத்தான் பயிற்சி. இறங்குவதற்கான பயிற்சி இறங்குவதில்தான் கிடைக்கும். சரிவின் அளவும் முக்கியம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் தாழும் மென்சரிவில்தான் நடையின் ஆற்றல் செலவு ஆகக் குறைவு. அதைவிடச் செங்குத்தானால் கூடத் தொடங்கும். வளைந்து வளைந்து போகும் பாதையை விட்டுவிட்டுக் குறுக்கே இறங்குபவர் தூரத்தை மிச்சம் பிடிக்கிறார், ஆனால் அதே ஆற்றலைக் குறைந்த காலடிகளில் தொடை மீது இறக்குகிறார். பாதையும் அரிக்கப்படுகிறது. எட்டு வைப்பதைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து, இரு ஊன்றுகோல்களில் கொஞ்சம் எடையைத் தோளுக்கு மாற்றினால் கால் நெடுநேரம் தாங்கும்.

காருக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும் இதே கணக்கால்தான்: உயரத்தைக் குறைக்க முடியாது, தூரத்தை நீட்டிச் சரிவைக் குறைக்கலாம். அப்படியும், 8 சதவீதச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் 1,500 கிலோ கார் நொடிக்குச் சுமார் 13,000 ஜூலை இழந்துகொண்டே இருக்க வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதியை யாரிடம் கொடுப்பது என்பது ஓட்டுநர் கையில் இருக்கிறது.

பிரேக்கிடம் மட்டும் கொடுத்தால், தட்டும் பட்டையும் குளிர நேரம் கிடைக்காது. பட்டையில் உள்ள பிசின் சூட்டில் சிதைந்து வாயு வெளியேறும்; உராய்வு குறையும்; கருகல் நாற்றம் வரும். அதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரமேறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

எஞ்சினிடம் கொடுப்பதே சரி. கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். காற்று நுழையும் வழியில் மூடியிருக்கும் வால்வுக்கு எதிராகக் காற்றை இழுக்கவும் உராய்வை வெல்லவும் ஆற்றல் செலவாகும். அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறும். இன்றைய எஞ்சின்கள் அப்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடும். ஆகவே பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது ஆபத்து மட்டுமல்ல, மிச்சமும் கிடையாது; நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய ஓட்டுநர்களின் விதி நல்ல விதி. தேவைப்பட்டால் இன்னும் ஒரு கியர் கீழே வரலாம். பிரேக்கை மென்மையாக மிதித்தபடியே இருக்காமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டு ஆறவிட வேண்டும்.

டீசல் லாரிகளுக்கு இந்த உதவி குறைவு. காற்றை அடைக்கும் அந்த வால்வு பொதுவாக அவற்றில் இருப்பதில்லை. 1931-இல் டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது லாரியின் பிரேக் கைவிட்டது. குறுக்கே போன ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். எஞ்சின் அழுத்திய காற்றை உச்சக்கட்டத்தில் வெளியே விட்டு வண்டியை அடக்கும் பிரேக்கை அவர் பின்னாளில் உருவாக்கினார். 1961-இல் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 4,302 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்திலிருந்து இறங்கும் கார்களைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக்கின் சூட்டை இன்றும் அளக்கிறார்கள். சூடு மிஞ்சியிருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்சாரக் கார் மட்டும் இந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மோட்டாரே மின்னாக்கியாகி பேட்டரியில் ஏற்றுகிறது. ஆனால் உச்சியில் தங்கி 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வரும் மின்சாரத்தை வைக்க இடமிருக்காது. மோட்டார் தரும் பழக்கமான பிடிப்பு குறைந்து, பாரம் பிரேக் மீது விழும். மலை மேல் சார்ஜ் போடுபவர்கள், இறங்கும் உயரத்துக்கு ஏற்றபடி பேட்டரியில் கொஞ்சம் காலி விட்டுவைக்க வேண்டும்.