365அ: கையெழுத்து வைக்க முதல் வாசியுங்கள்

ஓர் ஆளை 'கே', அதாவது தன்பாலீர்ப்பாளர், என்று பொலிஸ் பிடித்தால், பெரும்பாலும் அவர் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் சட்டத்தரணிக்கு அழைப்பு வருகிறது. அது சிங்களத்தில் இருக்கும். கீழே, அதை வாசிக்கத் தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளையின் கையெழுத்து. இந்த ஒழுங்கு மாற வேண்டும்.

"கே என்றால் பிடித்து உள்ளே போடலாம்" என்று பொலிஸ் சொல்கிறது, பெற்றோர் நம்புகிறார்கள், சட்டத்தரணிகளிலும் சிலர் நம்புகிறார்கள். போட முடியாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 365ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உடலுறவுக்கு 10 வருடம் வரை சிறை விதிக்கிறது. 365அ 'பாரதூரமான அநாகரிகச் செயலுக்கு' 2 வருடம் வரை. இரண்டும் செயலைப் பற்றியவை. ஆணுக்கு ஆண்மேல் ஆசை வருவதும், பெண் தலைமயிரைக் கட்டையாக வெட்டுவதும், போனில் ஒரு டேட்டிங் செயலி இருப்பதும் எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. 1995இல் 365அ பிரிவைத் திருத்தினார்கள். நீக்குவார்கள் என்று பார்த்தால் பெண்களையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். அப்போதும் குற்றமானது செயல்தான், ஆள் அல்ல. 2016இல் உயர் நீதிமன்றம் ஒரு 365அ குற்றத்தீர்ப்பை உறுதிப்படுத்தியபோதுகூட, சிறை பொருத்தமில்லை என்று ஒத்திவைத்த தண்டனையே கொடுத்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறவில்லை, பிரிவுகள் அப்படியே கிடக்கின்றன.

ஆகவே கைதுசெய்தால் முதலில் காரணம் கேளுங்கள். சொல்லியே ஆகவேண்டும், அரசியலமைப்பின் உறுப்புரை 13(1). 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பெயர், முகவரி சொல்லுங்கள். மிச்சம் சட்டத்தரணி வந்த பிறகு. அவர் பொலிஸ் நிலையத்துக்கு வரலாம், 2012 விதிகள் இருக்கின்றன. பொலிஸிடம் கொடுக்கும் குற்றஒப்புதல் வழக்கில் செல்லாது, சரி. ஆனால் அதில் நீங்கள் சொன்ன பெயர்களை வைத்து நாளைக்கு வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் கையெழுத்தும் இல்லை.

சட்ட வைத்திய அதிகாரியிடம் கூட்டிப்போனால், "எனக்குச் சம்மதமில்லை" என்று வைத்தியரிடமே சொல்லி, அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். சம்மதம் இல்லையென்றால் நீதவானின் கட்டளை வேண்டும். வைத்தியர்களே, ஆசனவாய்ப் பரிசோதனை எதையும் நிரூபிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். உலக மருத்துவச் சங்கம் 2017இலேயே இதைக் கண்டித்துவிட்டது. தயவுசெய்து அந்தப் பரிசோதனையைச் செய்து படிவத்தை நிரப்பாதீர்கள்.

திருநங்கை, திருநம்பிகள் மீது ஆள்மாறாட்ட வஞ்சனை என்று 399ஆம் பிரிவைப் போடுவதுண்டு. பாலின அங்கீகாரச் சான்றிதழின் பிரதி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

செயலியில் பழகி, படத்தைக் காட்டிக் காசு கேட்கிறானா? அது பயமுறுத்திப் பறித்தல், குற்றவாளி அவன். உரையாடலை அழிக்காதீர்கள். இலக்கமும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், வங்கித் துண்டை வைத்திருங்கள். முறைப்பாட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், உங்களையே சந்தேகநபராக மாற்றிவிடுவார்கள்.

அம்மா, அப்பாமாருக்கு: "பிள்ளையைத் திருத்தித் தாங்கோ" என்று பொலிஸுக்குக் கூட்டிப்போகாதீர்கள். 18 வயது தாண்டிய பிள்ளையைப் பிடித்து உங்களிடம் ஒப்படைக்கப் பொலிஸுக்கு அதிகாரமில்லை. நீங்கள் கோபத்தில் சொல்லும் ஒரு வசனத்தில் வழக்குப் போட மட்டும் முடியும்.

அடிப்படை உரிமை மனுவுக்கு மீறல் நடந்து ஒரு மாதம்தான் தவணை. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் வராது. அவர்களின் அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை நடப்பதாக ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.