சக்சஷனுக்கு ‘வாரிசு’ன்னு எழுதுறத நிறுத்துங்கப்பா

‘சூழலியல் வாரிசு’ன்னு இன்னொரு தடவ எங்கயாவது படிச்சேன்னா கத்திடுவேன். எக்கலாஜிக்கல் சக்சஷன்னா ஒரு எடத்துல இருக்கற செடிகொடி, உயிரினக் கூட்டம் போய் வேற கூட்டம் ஒண்ணு பின்னால ஒண்ணா வர்றது. அந்தச் சொல்ல மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டு, வந்தத அப்படியே ஒட்டிடறாங்க. லத்தீன் மூலத்துக்கு பின்னால வர்றது, அடுத்து வர்றதுன்னு அர்த்தம், அவ்ளோதான். வாரிசெல்லாம் சொத்து கேஸுக்கு.

அது அரபுலேருந்து வந்த சொல்லுங்கறதுக்காக நான் சண்டைக்கு வரல, எப்பவோ நம்ம சொல்லாயிடுச்சு. அர்த்தம்தான் தப்பு. 1883 ஆகஸ்ட்ல இந்தோனேசியாவுல க்ரக்கத்தாவு எரிமலை வெடிச்சு தீவுல பெரும்பகுதி கடலுக்குள்ள போயிடுச்சு, மிஞ்சுன ரகாட்டாங்கற துண்டு முழுக்க சாம்பல். 1886ல ட்ரூப்ங்கற டச்சு தாவரவியலாளர் போய்ப் பாத்தா சாம்பல் மேல வழவழன்னு நீலப்பச்சைப் பாசி, உள்பக்கம் பெரும்பாலும் பெரணிங்க. 1897ல பாத்தா நாணலும் புல்லுமா கெடக்கு. அப்புறம் பறவையும் வவ்வாலும் எச்சத்துல கொண்டுவந்து போட்ட அத்தி மாதிரி மரங்க எழும்பி, 1930 வாக்குல காடு மூடி, நிழல் விழுந்து புல்லு ஒடுங்கிப்போச்சு. இதுல யாருக்கு யாரு வாரிசு? நாணலுக்கு வாரிசு நாணல்தானய்யா, அத்தி வந்து அதை வெளிய தள்ளுதே! (வாரிசுன்னு சொல்லியே ஆகணும்னா 1927ல அதே கடல்ல தல தூக்குன குட்டி எரிமலையச் சொல்லுங்க, பேரே அனாக் க்ரக்கத்தாவு, அனாக்னா பிள்ளை.)

பாடப்புத்தகத்துல வர்ற ‘வழிமுறை வளர்ச்சி’ இதுக்கு எவ்வளவோ மேல். வழிமுறைக்கு பழைய தமிழ்ல வம்சம், தலைமுறைன்னு அர்த்தம் உண்டு, போட்டவங்க தமிழ் தெரிஞ்சவங்கதான். ஆனா இன்னிக்கு வழிமுறைன்னா ஃபாரம் நிரப்புறது எப்படிங்கற மாதிரிதான் பசங்களுக்குப் படும். வளர்ச்சியும் இடிக்குது. அந்தக் குட்டி எரிமலைல செடி கொடி வர வர மறுபடி வெடிச்சு சாம்பலாகி, திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிக்குது, இதுல என்ன வளர்ச்சி?

என் ஓட்டு ‘தொடர்மாற்றம்’. ஒண்ணு போய் ஒண்ணு வருது, வரிசையா வருது, ரெண்டும் அதுல இருக்கு. மண்ணே இல்லாத எரிமலைக்குழம்பு, சாம்பல் மேல நடந்தா முதல்நிலைத் தொடர்மாற்றம். காடு எரிஞ்ச எடம், உழாம விட்ட வயல் மாதிரி மண்ணும் வேரும் விதையும் மிஞ்சியிருந்தா இரண்டாம்நிலை, அங்க சீக்கிரமே பச்சை புடிச்சிடும்.

இதோட போச்சான்னா இல்ல, க்ளைமாக்ஸ் கம்யூனிட்டிக்கு, அதாவது இந்த மாற்றமெல்லாம் ஓஞ்சு கடைசில நிலைச்சு நிக்கிற உயிரினக் கூட்டத்துக்கு, ‘உச்சகட்ட சமுதாயம்’னு ஒண்ணு சுத்துது, சினிமா சண்டை மாதிரி. 1916ல கிளெமெண்ட்ஸ்ங்கற அமெரிக்கத் தாவரவியலாளர் க்ளைமாக்ஸ வச்சு பெரிய கோட்பாடே கட்டுனார், 1926ல க்ளீசன்ங்கற இன்னொரு தாவரவியலாளர் வந்து அப்படி முடிவான கட்டம்லாம் எழுதிவச்சதில்ல, எந்த விதை எங்க வந்து விழுதுங்கறதப் பொறுத்ததுன்னாரு. மூலத்துலயே இவ்ளோ தகராறு இருக்கற சொல்லுக்கு உச்சம், சிகரம்னு ஏத்திவிடாம ‘நிலைச்ச சமூகம்’னு எழுதுனா என்ன கொறஞ்சிடும், சொல்லுங்க.